பெல்ட் கத்தினால் பூட்டு திறக்கும்

லாண்டரி அக்காவின் காரில் பெல்ட் கீச்சிடத் தொடங்கிய மழைக்காலத்தில், அந்தச் சத்தம் எட்டிய தூரம் வரைக்கும் பூட்டியிருந்த பூட்டெல்லாம் தானாகத் திறந்துகொண்டன. வாசல் பூட்டு, பீரோப் பூட்டு, சைக்கிள் பூட்டு, தபால் பெட்டியில் தொங்கும் குட்டிப் பூட்டு என்று எதுவும் பாக்கியில்லை. முதலில் திருடன் என்றார்கள். பிறகு பூட்டுக் கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்தார்கள். கடைசியில், காலையில் அக்கா காரைக் கிளப்பும் நேரம் பார்த்து வீட்டுக்கு ஓர் ஆள் கதவுக்குப் பின்னால் நின்று, திறந்ததை மறுபடி பூட்டிவிட்டுப் பல் தேய்க்கப் போகப் பழகிக்கொண்டார்கள். மனிதர்களுக்கு எதுதான் பழகாது!

கார், அக்காவைவிடக் கொஞ்சம்தான் இளையது. பின்சீட்டைக் கழற்றிக் கடாசிவிட்டு, ஓட்டல் படுக்கை விரிப்புகளையும் ஆஸ்பத்திரித் தலையணை உறைகளையும் மூட்டை மூட்டையாக அதில்தான் ஏற்றிக்கொண்டு போவாள். வெயில் நாளில் பரம சாது. ஈரக் காலையில் சாவியைத் திருப்பினாலோ, காலில் மிதிபட்ட குழந்தை மாதிரி வீறிட்டுவிட்டு, எஞ்சின் சூடானதும் அடங்கிவிடும். அக்கா தன் தொழில் புத்தியைக் காட்டி, பெல்ட்டில் சலவைச் சோப்பைத் தேய்த்துப் பார்த்தாள். சில நாள் வாயை மூடிக்கொண்டு கிடந்த பெல்ட், அதற்கப்புறம் வட்டியும் முதலுமாகக் கத்தியது.

எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தவர் தெருக்கோடியில் குடியிருந்த பூட்டுக்கடைக்காரர். வேறு யாருமில்லை, அக்காவின் சொந்தத் தங்கை புருஷன். அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அக்கா தலைகீழாக நின்றும் தங்கை கேட்கவில்லை. கல்யாணம் முடிந்து அக்கா பார்க்கப் போனபோது, அவர் வாசலிலேயே மறித்து, அவள் உங்கள் முகத்தில் முழிக்கவே மாட்டேன் என்கிறாள், நான் என்ன செய்யட்டும் என்று கையை விரித்துவிட்டார். அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து, ஒரே தெருவில் இருந்துகொண்டே, அந்தக் கோடிப் பக்கம் அவள் வண்டியைத் திருப்பியதில்லை. மார்க்கெட்டுக்குக்கூட அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். வருடங்கள் அப்படியே ஓடிவிட்டன.

பூட்டுக்கடைக்காரர் தெருவைத் திரட்டிக்கொண்டு வந்தார். சத்தம் நிற்க வேண்டும், இல்லையென்றால் காரை இனித் தெருவில் நிறுத்தக் கூடாது என்றார். கார் இல்லாமல் லாண்டரி ஏது? அக்கா முணுமுணுத்துக்கொண்டே மெக்கானிக்கிடம் போனாள். அவர் வாய்ச்சவடால் பேர்வழிதான், ஆனால் வேலையில் கெட்டி. ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டின் மேல் குவளைத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் பட்டுச் சத்தம் குறைந்தால் பெல்ட்டின் மேல்பக்கம் பழுது, கூடினால் பெல்ட் தொளதொளத்துவிட்டது என்று அர்த்தமாம். கூடியது. ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். இன்னும் கூடியது. அவருடைய டூல்ஸ் பெட்டியும், பக்கத்துக் கடைக் கல்லாவும், எதிர்வீட்டு இரும்புக் கேட்டும் வரிசையாகத் திறந்துகொள்ள, அவர் அசராமல் எஞ்சினை நிறுத்திவிட்டு பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நனைந்த துணி போட்ட கொடிக்கயிறு மாதிரி அது தொய்ந்தது. புது பெல்ட் மாட்டி, டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி, கம்பி கொடுத்து நெம்பி, பெல்ட் விறைப்பானதும் முடுக்கினார். இதற்கு மேல் இறுக்கினால் பேரிங் போய்விடும் என்றும் சொல்லிவைத்தார். சத்தம் போயிற்று. பூட்டுகள் பூட்டியபடியே இருந்தன. தெரு நிம்மதியாகத் தூங்கியது.

மறுநாள் காலை மார்க்கெட் வழியாகப் போன அக்கா, அங்கிருந்த தங்கை புருஷனின் பூட்டுக்கடை ஷட்டர் அதற்குள் தூக்கியிருப்பதைப் பார்த்தாள். அந்த மழைக்காலம் முழுக்க, அவள் கார் கிளம்பிப் போன பிறகுதான் அந்த மனுஷன் வீட்டைவிட்டு நகர்ந்தார். இத்தனைக்கும் பெல்ட் கத்திய நாட்களில் தெருவே கதவுக்கு இரட்டைப் பூட்டு வாங்கியதில் அவர் வியாபாரம் கொழித்துக்கொண்டிருந்தது. கொழித்தவர் ஏன் குதித்தார்? பெண்டாட்டி வீட்டில் இருக்கும்போது கதவுக்கு இவர் எதற்குக் காவல்? அக்கா காரைத் திருப்பிக்கொண்டு வந்து தன் வீட்டு வாசலில் நிறுத்தினாள். அடி மடச்சி, அடி மடச்சி என்று தன்னையே திட்டிக்கொண்டு, இத்தனை வருடம் எட்டிப் பார்க்காத வாசலுக்கு ஓடினாள். கதவில் வெளிப்பக்கமாக உள்ளங்கை அகலத்தில் ஒரு பூட்டு தொங்கியது. தட்டினாள். உள்ளே கதவை ஒட்டி யாரோ வந்து நிற்கும் ஓசை கேட்டது.

"ஏன்க்கா பெல்ட்ட மாத்துன?" என்றது தங்கையின் குரல்.

அக்கா திரும்பி ஓடினாள். நேரே வீட்டுக்கு வந்து பானெட்டைத் தூக்கினாள். மெக்கானிக் முடுக்கிய அதே போல்ட்டைத் தளர்த்தி, புது பெல்ட் தொய்கிற வரைக்கும் டைனமோவை உள்ளே தள்ளினாள். துணி அலசிய தண்ணீரை வாளியோடு அதன்மேல் ஊற்றினாள். ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாவற்றையும் போட்டு, சுற்று வழியை விட்டுவிட்டு, முதல் கியரில் தெரு நடுவே நேராக வந்தாள். பெல்ட் அலறியது. இதுவரை கேட்டதெல்லாம் கிளப்பும்போது கொஞ்ச நேரக் கத்தல்தான். இதுவோ, உள்ளே இருக்கிறவர்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வர அவகாசம் கொடுக்கும் அலறல். மார்க்கெட் கடையில் அடுக்கிய பூட்டெல்லாம் வாயைப் பிளந்துகொள்ள, பூட்டுக்கடைக்காரர் இரைக்க இரைக்க ஓடிவந்து காரை மறித்து, அணைக்கச் சொல்லிக் கெஞ்சினார்.

"மாப்ள, இனிமே இது இப்படித்தான் கத்தும்" என்றாள் அக்கா. "காது வலிச்சா பஞ்சு வச்சுக்கங்க."

தங்கை வந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் யாரையும் பார்த்துத் தலை குனியவில்லை. புருஷனைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அன்று காலை அந்தத் தெருவில் வெளியே வந்தது அவள் மட்டுமல்ல. பெரிய மகன் வீட்டில் இருப்பதாகச் சொல்லப்பட்ட கிழவர் ஒருவர், தெரு நடுவிலிருந்த ஒரு வீட்டின் பின்னறையிலிருந்து கண்ணாடியைத் துடைத்தபடி வந்தார். ஹாஸ்டலில் தங்கிப் படிப்பதாக எல்லோரும் நம்பிய ஒரு பெண் எதிர்வீட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இரண்டு பேரும் பின்னால் துணி மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டார்கள். அக்கா கியரை மாற்றினாள்.

அடுத்து நடந்த தெருக்கூட்டத்தில் பெல்ட் விஷயத்தை எடுக்க ஒருவர் எழுந்தார். பக்கத்தில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பூட்டுக்கடைக்காரர் வேறு ஊருக்குப் போனார். மற்றவர்கள் கதவைச் சும்மா சாத்திவைக்கப் பழகினார்கள். பெல்ட் தேய்ந்தால் அக்கா புதிது வாங்குவாள், தங்கை அதை மாட்டி, வேண்டுமென்றே தொய்வாக விட்டு போல்ட்டை முடுக்குவாள். இப்படி ஓட்டினால் பேட்டரி சார்ஜ் ஏறாது, ஒருநாள் நடுரோட்டில் நின்றுவிடும் என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்வார். நின்றால் தள்ளிக்கொண்டு போகிறோம் என்பாள் தங்கை. அப்படி நிற்கத்தான் செய்கிறது, தள்ளுவதற்கு அந்தத் தெருவில் ஆளுக்குப் பஞ்சமில்லை.