அந்தரத்தில் நின்ற வண்டி

மேடையேறினால் மாதர் விடுதலை முழங்குவார். மேடையிறங்கி வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே வாழவந்த மருமகளின் நிழல்கூட வாசல் தாண்டலாகாது என்பார். அந்த வீட்டின் மூத்த மகனுக்குத் தெரு சூட்டிய பெயர் தலைவர். தெருவாசிகள் சங்கத்துக்குத் தலைமை வகித்ததால் வந்த பெயர் அது. வீட்டிலே மற்றவர் வாயையெல்லாம் அடைத்துவிட்டுத் தாம் ஒருவரே பேசியதால் நிலைத்தும்விட்டது.

அவருடைய தம்பியின் மனைவி செவிலி. மணமாவதற்கு முன்பே தன் சம்பளத்தில் வாங்கிய சிறிய காரொன்று அவளுக்கு உண்டு. படுக்கையோடு கிடக்கும் நோயாளிகளை வீடு வீடாகச் சென்று கவனிக்கும் வேலை இப்போது கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை சொந்த வண்டியோடு வந்து நிற்கவேண்டும். வராதவரின் இடம் அடுத்தவருக்கு என்று அலுவலகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

வண்டிக்கோ முன்பக்கம் நொடித்துப்போயிருந்தது. குழியில் இறங்கும்போதெல்லாம் கடகடவென்று இடித்தது. பிரேக்கை மிதித்தால் மூக்கால் தரையை முகர்வதுபோல் குனிந்தது. முன்சக்கரங்களைத் தாங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும் ஸ்ட்ரட் தண்டுகள் இரண்டும் எண்ணெய் ஒழுகிவிட்டன, அவற்றைச் சுற்றிய ஸ்பிரிங்குகளும் தளர்ந்துவிட்டன என்று தலைவர் தீர்ப்புரைத்தார். ஒர்க்‌ஷாப்காரன் கொள்ளையடிப்பான், நானே வீட்டில் மாற்றித் தருகிறேன் என்றும் முன்வந்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுதால் ஆடு கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவள் யோசித்தாள். ஆனால் அருகில் நின்ற கணவன், அண்ணன் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினான். பிறந்தது முதல் ஆட்டிப் பழகிய தலை அது.

சனிக்கிழமை காலை முற்றத்தில் வேலை தொடங்கியது. ஜாக் வைத்துத் தூக்கி, இருபுறமும் ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். கேட்க ஆளில்லாமல் ஒரு நட்டைக்கூடத் திருக மாட்டார் தலைவர். அது அவர் கூடப்பிறந்த நோய். எனவே அவளை நிற்கவைத்து, ஸ்பேனரை மைக்போல் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பிரேக் ஹோஸை, அந்த ரப்பர் குழாயை, இழுக்காமல் முதலில் விடுவிக்க வேண்டும். கீழே இரண்டு போல்ட்டு. பானெட்டைத் திறந்தால் மேலே மூன்று நட்டு. கடைசி நட்டு வரும்போது கீழே ஒரு கை தாங்கவேண்டும், இல்லையென்றால் மொத்தமும் பொத்தென்று விழும்.

"நடுவுல ஒரு பெரிய நட்டு இருக்கு பாரு, அதை மட்டும் தொடக்கூடாது. உள்ள ஸ்பிரிங்கு அடங்கி உக்காந்திருக்கு. அடக்கிவெச்ச கோவம் மாதிரி. தொட்டா மூஞ்சியப் பேத்துடும்."

"தெரியுது மாமா," என்றாள் அவள். கணவனின் அண்ணனை அப்படித்தான் அழைப்பது. கழற்றிய நட்டுகளை இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்றென இரண்டு டப்பாக்களில் போட்டு மூடிக்கொண்டாள்.

நண்பகலுக்குள் இரண்டு ஸ்ட்ரட்டும் கழன்றன. தலைவர் கைகழுவினார், வேலையையும் அத்தோடு கைகழுவினார். தெருவில் வந்த பழைய இரும்புக்காரனை அழைத்து, அவள் குளித்துவிட்டு வருவதற்குள் இரண்டையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். புதியது எங்கே என்று சாப்பாட்டு வேளையில் அவள் கேட்டாள். கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், வெளியூரிலிருந்து வரவேண்டும், இரண்டு வாரமாகலாம், ஒரு மாதமும் ஆகலாம் என்றார். திங்கட்கிழமை வேலையை அவள் நினைவூட்டினாள்.

"அந்த வேலை எதுக்கு? கண்டவன் வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்துல நம்ம வீட்டுப் பொண்ணு போய் நிக்கணுமா?"

கணவனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான். தட்டில் ஒன்றுமில்லை, ஆயினும் உற்றுப் பார்த்தான்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. முற்றத்தில் நடந்தது பழுதுபார்ப்பு அல்ல. பெண்ணின் காலுக்கு விலங்கு பூட்டினால் ஊர் கேள்வி கேட்கும். அவள் வண்டியின் கால்களைக் கழற்றிப் போட்டால் யார் கேட்பார்? கதவைப் பூட்டும் பாவத்தைக்கூடச் செய்யாமல் ஒரு மனுஷியைச் சிறைவைத்துவிட்டு, மனிதர் நிம்மதியாக மோர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் பேருந்தேறி உதிரிபாகக் கடைக்குப் போனாள். அப்படி யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லையே என்று கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். தனி ஸ்ட்ரட்டும் தனி ஸ்பிரிங்கும் வாங்கினால் அதை அமுக்கிப் பூட்டத் தனிக் கருவி வேண்டும், வீட்டில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம் என்றார். ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பூட்டியே வந்த ஜோடியொன்று அவரிடம் இருந்தது. அதை வாங்கி, கோணியில் சுற்றி, இரவு பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தாள்.

ஞாயிறு பத்து மணிக்கு அதே முற்றத்தில் சங்கத்தின் மகளிர் பிரிவுக்குத் தொடக்க விழா. தலைமையுரை தலைவர், தலைப்பு, 'பெண்ணே, எழுந்து நட.' மைக் செட்டு எடுத்துவர அவர் காலையிலேயே போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் இவள் கோணியைப் பிரித்தாள். நேற்று கேட்ட சொற்பொழிவைக் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குத் திருப்பிப் படித்தால் போதும், மாட்டும் முறை வந்துவிடும். முதலில் ஒரு தவறு செய்தாள்: வலப்பக்கத்துக்கு உரியதை இடப்பக்கச் சக்கரப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். பிரேக் ஹோஸைப் பிடிக்கும் தகடு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டு எடுத்து மாற்றினாள்.

கீழிருந்து தூக்கிப் பிடிக்க ஒருவர், மேலே நட்டுப் போட ஒருவர் வேண்டும். தலைவரின் மனைவி, இவளுக்கு ஓரகத்தி, துணி காயப்போட வந்தவள், நின்று பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்தாள். குந்தி உட்கார்ந்து தூக்கிப் பிடித்தாள். இடப்பக்கம் முடிந்தது.

"வந்து பாத்தா என்னைத்தான் முதல்ல கொல்லுவாரு," என்றாள் ஓரகத்தி.

"நான் பிடிச்சு இழுத்தேன்னு சொல்லுங்கக்கா."

"சொன்னா மட்டும் நம்பிடுவாராக்கும்."

அதற்குள் வாசலில் பேச்சொலி. மைக் செட்டும் நாற்காலிகளும் வந்தன. கூடவே சங்கத்துப் பெண்களும் வந்தார்கள். ஓரகத்தி தேநீர் போட உள்ளே ஓடினாள். தலைவர் முற்றத்தில் காலெடுத்து வைத்தார், வண்டிக்கடியிலிருந்து நீண்டிருந்த இரு கால்களைக் கண்டார், முகம் கருத்தது. திட்ட வாய் திறந்தவர், பின்னால் நின்ற நாற்பது கண்களை உணர்ந்து அதே வாயைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டார்.

கூட்டம் தொடங்கியது. அடிமைத்தளை அறுபட வேண்டும் என்று அவர் முழங்கிய இடத்தில் சுத்தியல் ஒருமுறை டங்கென்றது. கேட்டவர்கள் கைதட்டினார்கள். முன்வரிசையிலிருந்த தையல்கடைக்காரி எழுந்து, யாருங்க அது, உங்க வீட்டுப் பெண்ணா என்று கேட்டாள். தலைவருக்குப் புகழென்றால் நஞ்சும் தேன். "என் தம்பி மனைவிதான். நான்தான் கத்துக்குடுத்தேன். நம்ம வீட்டுல பெண்கள் எதுக்கும் அடுத்தவனை எதிர்பார்க்கிறதில்லை," என்றார் மைக்கிலேயே.

வண்டிக்கடியிலிருந்து அவள் வெளியே வந்தாள். கன்னமெல்லாம் கரி.

"மாமா, வலப்பக்கத்துக்கு ஆள் பத்தல. கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறீங்களா?"

முற்றம் முழுதும் அவரைப் பார்த்தது. கற்றுக்கொடுத்தவர் எப்படி மறுப்பார்? வெள்ளைச் சட்டையோடு சக்கரப் பள்ளத்தருகே மண்டியிட்டார். ஸ்ட்ரட்டை இரு கையாலும் தூக்கினார். அவள் பானெட்டுக்குள் குனிந்து நட்டைத் தேடியபோது, இருவர் தலைக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி.

"நாளைக்கு நீ எப்படிப் படி தாண்டுறேன்னு பாக்குறேன்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நேரா பிடிங்க, சாயுது."

"இப்ப கையை விட்டுட்டா என்னடி பண்ணுவே?"

"உங்க கால்லதான் விழும். எனக்கென்ன, கட்டுப்போடத் தெரியும்."

அவர் கையை விடவில்லை. மூன்று நட்டுகளும் ஏறின. கீழே போல்ட்டுகள் இறுகின. ஹோஸ் தன் தகட்டில் அமர்ந்தது. சக்கரங்களை மாட்டி ஜாக்கை இறக்கினாள். நேற்றிலிருந்து அந்தரத்தில் நின்ற வண்டி, ஒருமுறை அமிழ்ந்து நிமிர்ந்து தரையில் நின்றது.

நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் புது வேலைக்குத்தான் வண்டி என்று செவிலி கூட்டத்திடம் சொன்னாள். எப்போது வேலைக்குப் போகிறாள் என்று தையல்கடைக்காரி விடாமல் கேட்டாள். செவிலி கைத்துணியால் விரல்களைத் துடைத்தபடி தலைவரையே பார்த்தாள். கேள்வி மைக்கின் முன்னால் நின்றது.

"நாளைக்கு," என்றார் தலைவர்.

கூட்டம் கலைந்தபின் முற்றத்தில் புயல் அடித்தது. மானத்தை வாங்கிவிட்டாள், குடும்பத்தைக் குலைக்க வந்தவள், இனி இந்தச் சோற்றில் அவளுக்குப் பங்கில்லை என்று தலைவர் மைக் இல்லாமலே தெருமுனைவரை கேட்கப் பேசினார். ஓரகத்தி தேநீர்க் குவளைகளைக் கழுவும் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. கணவன் நடுவில் வந்து நின்று, அண்ணன் கோபத்தில் சொல்கிறார், நீ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு என்றான்.

"நீங்க எனக்காக அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் வண்டியில் ஏறினாள்.

ஸ்டியரிங் சற்று கோணலாக நின்றது. வண்டி இடப்பக்கம் இழுத்தது. ஸ்ட்ரட் மாற்றினால் சக்கரங்களை நேர்படுத்தவேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருந்த கடையொன்றைத் தேடிப்பிடித்து, நேர்படுத்திக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பினாள். குழிகளில் இறங்கியபோது சத்தமில்லை.

வண்டியை முற்றத்துக்குள் விடவில்லை. வாயிற்கதவுக்கு வெளியே, தெருவிளக்கின் கீழே, தெருமுனையைப் பார்த்தபடி நிறுத்திப் பூட்டினாள்.

வாசலில் தலைவர் நின்றிருந்தார். "வெளிய நிறுத்தினா திருடன் கொண்டுபோயிடுவான்."

"உள்ள நிறுத்தினப்பதான் மாமா திருட்டுப்போச்சு," என்றாள் அவள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அவரைக் கடந்து உள்ளே போனாள். நாளைக்குரிய சீருடையைத் தேய்க்கவேண்டியிருந்தது.