தலைகீழாய் நடந்த பூனை

குழந்தைகளை ஆறே வாரத்தில் கணினி மேதையாக்குவோம் என்று எங்கள் பயிற்சி மையத்தின் வாசலில் பலகை தொங்குகிறது. திரையில் வண்ண வண்ணக் கட்டைகள் இருக்கும். 'நட', 'திரும்பு', 'மறுபடி செய்' என்று ஒவ்வொன்றிலும் போட்டிருக்கும். இழுத்துவந்து பொருத்தினால் திரையிலிருக்கும் பூனை பொம்மை நடக்கும். இதைச் சொல்லித்தரத்தான் எனக்குச் சம்பளம்.

கடைசி வாரம் பெற்றோர் வந்து பார்ப்பார்கள். "ஒரு பூனை தப்பா நடந்தாலும் அடுத்த வகுப்புக்கு நீங்க கிடையாது" என்று மேலாளர் அம்மா அன்போடு சொல்லியிருந்தார். பூனைக்கு யார் மணி கட்டுவது என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. முந்தின நாளே பிள்ளைகளின் மவுஸை வாங்கி, பதினொரு பூனைகளையும் நானே ஒழுங்காக நடக்கவைத்துவிட்டேன். என்னே என் ஆசிரியப் பணி!

பன்னிரண்டாவதாக ஒருத்தி இருந்தாள். எதற்கெடுத்தாலும் "ஏன் சார்?" என்பதால் வகுப்பில் அவள் பெயரே 'ஏன்'. அவள் பூனை மட்டும் திரை ஓரத்துச் சுவரில் முட்டியதும் தலைகீழாகத் திரும்பி நடந்தது. சரிசெய்யப் போனேன். மவுஸைத் தர மாட்டேன் என்றாள்.

"நானே கண்டுபிடிக்கிறேன் சார்."

தாராளமாகக் கண்டுபிடிக்கட்டும் என்று அவளைத் தூண் மறைவில் உட்காரவைத்தேன்.

மறுநாள் பதினொரு பூனைகளும் நடந்தன. ஒரே கைதட்டல். அப்போது லாரி ஓட்டும் அப்பா ஒருவர் மகனிடம் கேட்டார்.

"சுவத்துல முட்டினா தலைகீழா நிக்கிற மாதிரி பண்ணுடா, பாப்போம்."

மகன் என்னைப் பார்த்தான். "அது சாருக்குத்தான்ப்பா தெரியும்."

மற்ற பத்துப் பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள்.

தூண் மறைவிலிருந்து 'ஏன்' எழுந்து வந்தாள். அந்தப் பையனின் திரையில் ஒரு கட்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டினாள். பூனை முட்டியது, தலைகீழானது.

"அடேங்கப்பா!" என்றார் லாரிக்கார அப்பா. "யாரும்மா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

மேலாளர் முந்திக்கொண்டு என் தோளைத் தட்டினார். "எங்க சார்தான்!"

"இல்லையே" என்றாள் 'ஏன்'. "சார் அவங்களுக்கெல்லாம் செஞ்சு குடுத்துக்கிட்டிருந்தாரு. நான் தப்புத்தப்பாப் போட்டுப் பாத்துக் கத்துக்கிட்டேன்."

என் சாயம் வெளுத்தது. மேலாளரின் கை தோளைவிட்டு இறங்கியது. வேலையும் அதோடு இறங்கிப்போனது.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் 'ஏன்' வழிமறித்தாள்.

"ஏன் சார் அவங்க மவுஸை நீங்க வாங்கினீங்க?"

ஆறு வாரமாக அவளுடைய எந்த 'ஏன்'னுக்கும் நான் பதில் சொன்னதில்லை. இதற்கு மட்டும்தான் பதில் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.