நூற்றுக்கு இரண்டு

"சர்க்கரை எவ்வளவு அத்தான்?"

கொழுந்தியாள் அடுக்களையிலிருந்து சாதாரணமாகத்தான் கேட்டாள். உயிர் பிரிந்து கிடந்த மனைவியின் காலுக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்த தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று மாலையிலிருந்து அந்த 'எவ்வளவு' அவரை விடாமல் துரத்துகிறது. குழாயைத் திறந்தால் அது. கதவு கிரீச்சிட்டால் அது. அதுவும் மனைவியின் குரலிலேயே.

அவள் கடைசியாகக் கேட்டது அதைத்தான்.

ஊருக்கு வெளியே உள்ள வட்டப் பள்ளத்தில் கிடக்கும் கறுப்புக் கற்கள், விண்கல் மோதிய சூட்டில் உருகி இறுகியவை என்பது நிலவியல் ஆராய்ச்சியாளரான அவள் கட்சி. வெறும் எரிமலைக் கல் என்று உடன் வேலை பார்த்தவர்களே கேலி செய்தார்கள். கல்லில், விண்கல்லோடு வருகிற இரிடியம் என்கிற உலோகம் இருந்தால் அவள் ஜெயித்தாள். இல்லாவிட்டால் அத்தனை வருட உழைப்பும் வீண். கடைசியாகப் பரிசோதனைக்கு அனுப்பிய கற்களின் முடிவுக்காகவே உயிரைப் பிடித்து வைத்திருந்தாள்.

நேற்று மதியம் ஆய்வகத்திலிருந்து அவளுடைய தோழி போன் செய்தாள். "இல்லண்ணா. சுத்தமா இல்ல. நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க."

அவர் பக்குவமாகப் பொய் சொன்னார். "இருக்காம்டி! நீ சொன்னதுதான் சரியாம்."

அவள் கண் மின்னியது. "எவ்வளவு?"

மனிதர் இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருடமாக அவள் சொல்லச் சொல்ல 'உம்' கொட்டியவர்தான். ஒரு கணக்காவது மண்டையில் ஏறியிருக்க வேண்டுமே! பெரிதாகச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று, துணி சுருங்குவதற்காக விடுகிற அளவை எடுத்துவிட்டார்.

"நூத்துக்கு ரெண்டு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பாடா" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

இப்போது அந்தத் தோழி உள்ளே வந்து சுவரோரமாக நின்றாள். அழுது முடித்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"சொல்லிட்டீங்களாண்ணா?"

"மாத்திச் சொல்லிட்டேன்மா. இருக்குன்னு." அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "என் பொய் எதுவும் அவகிட்டப் பலிச்சதில்ல. இது ஒண்ணுதான். நிம்மதியாப் போனா."

"எவ்வளவுன்னு கேட்டிருப்பாளே?"

சொன்னார். தோழி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏம்மா, கம்மியாச் சொல்லிட்டேனா?"

"நூறு கோடியில ஒரு பங்கு இருந்தாலே நாங்க துள்ளிக் குதிப்போம்ணா. அந்த விண்கல்லையே முழுசா அரைச்சாலும் நூத்துக்கு ரெண்டு வராது."

தையல்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். தட்டிக்கொடுத்த அந்தக் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. இந்தப் பொய்யும் பலிக்கவில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு. கொழுந்தியாள் டீ டம்ளரை நீட்டியபடி நின்றதை அவர் கவனிக்கவில்லை. குனிந்து மனைவியின் காதருகே வாயைக் கொண்டுபோனார்.

"ஒண்ணுமே இல்லையாம்டி."

பிறகு தன் காதை அவள் உதட்டருகே வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.