பன்னிரண்டு மூடிகளும் ஒரு கடிதமும்

1

அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மழலையர் பள்ளியை நடத்தும் மேடம், கரும்பலகைக்கு அடியில். எலக்ட்ரீஷியன், கதவோரம். குழந்தையின் அம்மா, ஜன்னல் பக்கம். டீச்சர், பொம்மை அலமாரியில் முதுகை ஒட்டிக்கொண்டு. நால்வரும் உட்கார்ந்திருந்தது மூன்று வயதுப் பிள்ளைகளின் நாற்காலிகளில். முழங்கால் மோவாயை இடிக்கும் அந்த நாற்காலியில் கோபப்படுவது கஷ்டம். மேடம் அப்படியும் கோபப்பட்டார்.

நான் அங்கே இல்லை, அதைச் சொல்லிவிடுவதுதான் முறை. நான் டீச்சரின் பக்கத்து வீட்டுக்காரன். விண்ணப்பமோ புகாரோ, தெருவில் யாருக்கு எது வேண்டுமானாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். டீச்சர் கேட்டது ஒரு பக்கக் கடிதம். முதலில் நடந்ததை வரிசைப்படுத்தலாம் என்று உட்கார்ந்தேன். அது இப்படிக் கதையாகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: 'விடுமுறை நெருங்க, மழலையர் பள்ளி வண்ண விளக்குகளால் ஜொலித்தது.' அடித்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகை வாடை.

இரண்டாவது: 'பட்டன் பேட்டரி சட்டைப் பொத்தான் அளவுதான், ஆனால் அது ஒரு குழந்தையின் தொண்டையில்' [இதை முடிக்க மனமில்லை. சில மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். போதும்.]

மூன்றாவது, நடந்தபடியே:

எலக்ட்ரீஷியன் சீரியல் லைட்டைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் கூரையோரம் கட்டினார். ப்ளக் பாயிண்ட்டுகளை மூடினார். ஜன்னல் திட்டில் வைக்க, பட்டன் பேட்டரியில் எரியும் பன்னிரண்டு மெழுகுவத்தி விளக்குகள் கொடுத்தார். நெருப்பில்லை, ஒயர் இல்லை. அடியில் ஒரு மூடி, மூடிக்கு ஒரு ஸ்க்ரூ.

பிள்ளைகள் விளக்கை அணைக்கவே விடவில்லை. இரண்டு நாளுக்கொரு முறை பேட்டரி தீர்ந்தது. ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிப் பூட்ட டீச்சருக்குப் பொறுமை இல்லை. எல்லாவற்றையும் கழற்றிப் பென்சில் டப்பாவில் போட்டுவிட்டு, மூடிகளைச் செல்லோடேப்பால் ஒட்டினார்.

வியாழக்கிழமை, மதியத் தூக்கம் முடிந்ததும், வாண்டு என்று எல்லோரும் கூப்பிடும் குழந்தை எச்சில் ஒழுக நின்றது. காலடியில் மூடி திறந்த விளக்கு. உள்ளே பேட்டரி இல்லை. டீச்சர் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "பேட்டரிய முழுங்கிடுச்சு டாக்டர், உடனே எக்ஸ்ரே எடுங்க." ஒரு மணி நேரத்தில் வெளியே எடுத்துவிட்டார்கள். குழந்தை பிழைத்தது. தொண்டைப் புண் இன்னும் ஆறவில்லை.

3

பத்து நாள் கழித்துத்தான் அந்த நாற்காலிக் கூட்டம்.

"மூடி எப்படித் திறந்துச்சு?" என்றார் மேடம்.

"நான் எல்லாத்துக்கும் ஸ்க்ரூ போட்டுத்தான் குடுத்தேன் மேடம்," என்றார் எலக்ட்ரீஷியன்.

"மத்த பதினொண்ணுலயும் இருக்கு. இதுல மட்டும் எங்க போச்சு? குழந்தை ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வந்துச்சா?"

"அதான் மேடம் எனக்கும் புரியல."

"எனக்குப் புரியுது. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. நமக்குத் தெரிஞ்ச மத்த ஸ்கூலுக்கும் சொல்லிடறேன்."

குழந்தையின் அம்மா எழுந்து வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லேன்னா எம்புள்ள இல்ல டீச்சர்."

டீச்சர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

[இந்த இடத்தில் டீச்சரை எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடமே சொன்னேன். "எனக்கும்தான்," என்றார்.]

4

எலக்ட்ரீஷியனைக் கொஞ்சம் அலட்சியக்காரராக எழுதிப் பார்த்தேன். பழியில் பாதி அவர் தலைக்குப் போனால் டீச்சருக்குப் பாரம் குறையுமே என்று. டீச்சர் படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இது யாரு சார்?"

"கதையில வர்ற ஆளு, டீச்சரம்மா."

"அவருக்கு வெளியில வேலை போனது பத்தாதா? கதையிலயும் போகணுமா?"

"சரி, கடிதத்துல 'பணிச்சுமை காரணமாக'ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கலாம்."

"என்ன பணிச்சுமை? சோம்பேறித்தனம் சார். அப்படியே போடுங்க."

"உங்க வேலை போயிடும்மா."

"போனா போகட்டும். ஆனா முக்கியமான ஒண்ண விட்டுட்டீங்க."

"என்னது?"

"மறுநாள் காலைல, யாரும் வர்றதுக்கு முன்னாடி, மத்த பதினொண்ணுக்கும் டேப்ப உரிச்சுட்டு நானே ஸ்க்ரூவத் திருப்பிப் பூட்டி வச்சேன். அதனாலதான அவரு மாட்டினாரு. டேப் ஒட்டினது கூட அப்புறம் வரட்டும், இது மொதல்ல வரணும்."

இருபத்தெட்டு வருடமாக ஊராருக்குக் கடிதம் எழுதுகிறேன். கையெழுத்துப் போடுகிறவர் தனக்கு எதிராக ஒரு வரி கூட்டச் சொல்லிக் கேட்டது இதுவே முதல் தடவை. அனுப்புநர், பெறுநர் எழுதி, 'பொருள்' என்ற இடத்தில் அந்த வரியைப் போட்டேன்.

5

முடிவுகள் என் கைவசம் இருக்கின்றன.

(அ) மேடம் டீச்சரை வேலையிலிருந்து நிறுத்துகிறார்.

(ஆ) எலக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிடுகிறார், டீச்சரையும் வைத்துக்கொள்கிறார். [எழுதும்போது வாசகருக்கு லஞ்சம் கொடுப்பதுபோல் இருந்தது.]

(இ) அந்த அம்மா, தான் பிடித்த கையை நினைத்து,

இதற்குமேல் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுத மாட்டேன். உங்களுக்கு எது நியாயமென்று படுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

"நேர்லயே குடுத்துடலாமே?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"நேர்ல போனா அந்தம்மா மறுபடி என் கையப் புடிப்பாங்க. நான் மறுபடி வாய மூடிக்குவேன்."

மூன்று நகல், மூன்று உறை: மேடத்துக்கு ஒன்று, எலக்ட்ரீஷியனுக்கு ஒன்று, குழந்தையின் அம்மாவுக்கு ஒன்று. டீச்சரே பசை தடவி, ஓரங்களை நகத்தால் அழுத்தி ஒட்டினார். தெருமுனை அஞ்சல்பெட்டி வரை நானும் உடன் போனேன். குழந்தையின் அம்மாவுக்கான உறையை முதலில் போட்டார்.