மார்வலின் பாடிய பதில்

எவரால்டுக்குத் தேன் குரல். புத்திதான் கொஞ்சம் கம்மி. ரெகே பாட லண்டன் போன இடத்தில் இரண்டு வருடம் கிடந்தவன், எங்கள் ஊர் கிங்ஸ்டனில் விட்டுப்போன மார்வலினுக்கு ஒரு வரி எழுதவில்லை. திரும்பி வந்து அக்கா வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு, "என்னைச் சேத்துக்குவாளாடா?" என்று தினமும் என் உயிரை வாங்கினான்.

மார்வலின் டீஜே. இசைத்தட்டு போடுகிற ஆள் இல்லை. அது நான், செலக்டர் வென்டல். எங்கள் ஊரில் டீஜே என்றால் மைக்கைப் பிடித்துத் தாளத்தோடு வாயால் வெளுத்துக் கட்டுகிறவர். அந்த வாய்க்குப் பயந்துதான் எவரால்ட் நேரில் போகாமல் பாட்டாலேயே கேட்டான். "கதவத் தொறடி கண்ணே" என்று ஸ்டுடியோவில் உருகிவிட்டு, நடுவிலும் கடைசியிலும் அவளுக்கு இடம் விட்டுப் போனான். பாடகனும் டீஜேயும் சேரும் பாட்டுகளில் பாதி இப்படித்தான், காலையில் ஒருவர், மாலையில் ஒருவர்.

மாலையில் மார்வலின் வந்தாள். அவன் பாடிய ஒலிநாடாவை ஓடவிடச் சொல்லி, ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்துவிட்டு என் பக்கம் விரலை நீட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை ஹெல்ஷயர் பீச்சுல எல்லார் முன்னாடியும் போடு. அதுக்கு முன்னாடி அவன் காதுல விழுந்துச்சுன்னா, உன் ஸ்பீக்கரெல்லாம் கடலுக்குள்ள போயிரும்."

ஞாயிறு மத்தியானம் கடற்கரையில் நல்ல கூட்டம். எவரால்ட் பொரித்த மீன் தட்டோடு என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். இசைத்தட்டாக்கி வைத்திருந்த பாட்டைப் போட்டேன். மார்வலின் வரவில்லை, குரல்தான் வந்தது:

"லண்டன் போன மாப்பிள்ளை லெட்டர் ஒண்ணும் போடல,
கொண்டு போன என் பெட்டியக் கூடக் கொண்டுவந்து சேக்கல!"

அவ்வளவுதான். பானை மூடிகளைத் தட்டிக்கொண்டு, "தூக்கு! தூக்கு!" என்று கூட்டம் அலறியது. ஊசியைத் தூக்கி முதலிலிருந்து போடு என்று அர்த்தம். தூக்காத செலக்டர் மேல் பாட்டில் பறக்கும். தூக்கினேன். மறுபடி அதே இடம், அதே கூச்சல். மறுபடி தூக்கினேன். பதிலோ கடைசியில் இருந்தது.

"டேய், தூக்காதடா! அவ என்ன சொல்றான்னு இன்னும் வரவே இல்ல!"

"சனம் கேக்குதே, நான் என்ன பண்ண?"

"உனக்குத்தான் தெரியுமே, சொல்லித் தொலையேன்."

"என் ஸ்பீக்கர் எனக்கு வேணும் மச்சான்."

மீன் பொரிக்கும் அம்மாள் அங்கிருந்தே கத்தினாள். "அது இருக்கட்டும், அந்தப் பெட்டி எங்கடா தம்பி?"

கடற்கரையே சிரித்தது. நானும்தான்.

நான் மறுபடி ஊசியைத் தூக்கியபோது எவரால்ட் என் மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

"பெட்டியத் தொலைச்சது நான்தான். லெட்டர் போடாததும் நான்தான். அவ இல்லாம எனக்கு வீடுன்னு ஒண்ணு இல்ல. சிரிச்சது போதும், மிச்சத்தையும் கேக்க விடுங்க."

தேன் குரல் கரகரத்துப்போயிருந்தது. பாவமாக இருந்தது எனக்கு. அந்த அம்மாள்தான் முதலில் கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தாள். நான் பாட்டைப் போட்டேன். திட்டு வந்தது, யாரும் மூடியைத் தட்டவில்லை. அவன் கெஞ்சல் வந்தது. அப்புறம் அவள்:

"பூட்டும் இல்ல, தாழும் இல்ல, சும்மாதான் சாத்திருக்கு,
வாசல்ல நின்னு பாடுறியே, தள்ளிப் பாத்தியா கிறுக்கு?"

நான் இத்தனை வருடத்தில் கேட்காத கூச்சல். தூக்கு தூக்கு என்று என்னைத் தின்றுவிடுவார்கள் போலிருந்தது. எவரால்டைத் திரும்பிப் பார்த்தேன். ஆறிப்போன மீன் தட்டு என் மேஜைமேல் இருந்தது. அவன் வெறுங்காலோடு மணலில் விழுந்து எழுந்து, ரோட்டில் நின்ற மினிபஸ்ஸைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ் கிளம்பும்வரை பொறுத்து, ஊசியைத் தூக்கினேன்.