எதிர்க்கரை வீடு

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெரியவளுக்கு ஆறு என்றால் இடமிருந்து வலமாக ஓடுவதுதான். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அகலமான தண்ணீர், அதற்கப்பால் பழைய ராஜாக்களின் கோட்டைச் சுவர். அந்த ஜன்னலோரம் நின்று காய் நறுக்க அவளுக்கும் கொழுந்தன் மனைவிக்கும் தினமும் போட்டி. “காத்து உங்களுக்கு மட்டும்தான் வேணுமாக்கா?” என்று சின்னவள் கத்தியும் பலகையுமாக வந்து இடிப்பாள்.

கணவர் போன பிறகு, மகன் கோட்டைப் பக்கக் கரையில் ஏழாவது மாடியில் வீடு வாங்கி அம்மாவை அழைத்துப் போனான். கூடத்தில் சுவர் அகலத்துக்கு ஜன்னல். ஆனால் ஆறு வலமிருந்து இடமாக ஓடியது.

“தண்ணி தப்பா போகுதுடா.”

“தண்ணி சரியாத்தான் போகுது. நீதான் இந்தப் பக்கம் வந்துட்டே” என்று அவன் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்க்கரைக் கூரைகளுக்குள் பழைய வீட்டைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. சின்னவளுக்குப் போன் போட்டாள்.

“மொட்டைமாடிக்குப் போய் எதையாவது ஆட்டேன்.”

“இந்த வெயில்லயா? உங்களுக்கு வேற வேலையே இல்லையாக்கா?”

திட்டிக்கொண்டேதான் போனாள். சற்று நேரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சிவப்பாக ஏதோ அசைந்தது. பழைய போர்வை!

“தெரியுது! தெரியுதுடி!” என்று பெரியவள் கத்தியதில் மருமகள் பதறி ஓடிவந்தாள்.

அடுத்த ஞாயிறு சின்னவளே படகேறி வந்துவிட்டாள். லிஃப்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு மேலே வந்தாளாம். ஜன்னலருகே வெகுநேரம் நின்றாள்.

“நம்ம வீடு இத்துணூண்டா இருக்கே! இதுக்குள்ளயா அத்தனை பேர் இருந்தோம்?”

“அத்தனை பேர் மட்டுமா? உன் வாய் வேற.”

சின்னவள் இரு பக்கமும் எட்டிப் பார்த்தாள். “கோட்டை எங்கக்கா?”

“நமக்குப் பின்னாடி. இங்கிருந்து தெரியாது.”

“கோட்டைக்குப் பக்கத்துல வந்து உட்கார்ந்துட்டு, கோட்டையே தெரியலையா?”

இருவரும் வயிறு நோகச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது பெரியவளுக்குக் கண் கலங்கியது. “கொஞ்சம் நகருங்க ரெண்டு பேரும், ஆத்தைப் பார்க்கணும்” என்று ஈரத் தலையோடு கணவர் நடுவில் புகுந்து நிற்பது ஞாபகம் வந்தது. சின்னவள் அவள் தோளில் கை வைத்தாள்.

மாலையில் அவள் கிளம்பியபோது, பெரியவளும் மாற்றுத்துணியைப் பையில் திணித்துக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

“எப்பம்மா வருவே?” என்றான் மகன்.

“தெரியலைடா. போன் பண்றேன்.”

படகுத்துறையில் கூட்டம் நெரிந்தது. சின்னவள் முண்டியடித்து ஏறி, இரண்டு பேருக்கும் இடம் பிடித்தாள்.