ஃபிரிட்ஜைத் திறந்து வைத்தால் ரூம் குளிருமா?

குவைத்தில் வீட்டு டிரைவர் வேலைக்கு என் பெயரில் விசா வந்துகொண்டிருந்தது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளே சுமார்தான்.

"அதெல்லாம் அங்க போய்க் கத்துக்கலாம்டா. மணல்தான, வுழுந்தாலும் அடிபடாது" என்றார் முனிகிருஷ்ணன் மாமா. என் அக்கா வீட்டுக்காரர். குவைத்தில் பல வருஷம் இருந்துவிட்டு ஒரு டேப்ரிக்கார்டரோடும் முதுகுவலியோடும் திரும்பியவர். வலிக்குப் புத்தூர்க் கட்டு போட்டுக்கொண்டு படுத்திருந்தார். படுத்தபடியே என்னை ஏற்றுமதி செய்தார்.

நான் பி.எஸ்சி. பிசிக்ஸை மூன்றாம் வருஷத்தில் விட்டவன். எங்கள் ஆந்திரப் புத்தூருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் நைட் ஷிப்ட். பகலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தூக்கம். மே மாதத்தில் அதைத் தூக்கம் என்று சொல்லக் கூடாது, வேகுதல் என்று சொல்ல வேண்டும். படித்தவர்கள் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். படிக்காதவர்கள் குவைத்துக்கு. பாதி படித்தவனுக்கு ஊரே கிடையாது போலிருந்தது.

அக்கா தேவயானிதான் எனக்காகப் பேசினாள். "அவனுக்கு இங்கயே பகல் வேலை ஒண்ணு கெடச்சா வுட்டுருவீங்களா?"

"கெடச்சா விசாவ என் தம்பிக்கு மாத்திக்கிறேன். ஆனா விசா வர்றதுக்குள்ள கெடைக்கணும்" என்றார் மாமா. கிடைக்காது என்ற தைரியம் அவருக்கு.

விசாவுக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கத் திருப்பதி போனபோது பஸ் ஸ்டாண்டு சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். ஒரு ஜூனியர் காலேஜ். தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்து இன்டரில், அதாவது பதினோராம் வகுப்பில், சேரப்போகிற பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு; தமிழ் தெரிந்த சயன்ஸ் ஆசிரியர் தேவை. நகரி, சத்தியவேடு பக்கத்துப் பிள்ளைகள். பத்து வருஷம் தமிழில் படித்துவிட்டு இன்டரில் இங்கிலீஷ் கிணற்றில் விழ வேண்டும். நானும் அதே கிணற்றில் விழுந்தவன். எங்கே கல் இருக்கிறது, எங்கே பாசி இருக்கிறது என்று தெரியும். போட்டோ எடுக்காமல் நேராக அங்கே போனேன்.

கரஸ்பாண்டென்ட் பெயர் வீராசாமி. முன்பு வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவர். கேபிள் டிவி வந்ததும் கடையை மூடிவிட்டு அதே மாடியில் காலேஜ் திறந்தார். ரேக்குகள் அதேதான். கேசட் இருந்த இடத்தில் கைடு புத்தகங்கள். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார்.

"சர்டிபிகேட் எதுக்கய்யா? டெமோ ஒகட்டே, ஒண்ணு போதும். நீ கிளாஸ் எடு, பசங்க சொல்லட்டும். டாபிக், ஆவியாதல்."

வகுப்பில் பாதிக்குப் பாதி மொட்டைகள். பாஸானால் மலைக்கு வந்து முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டவை. நான் டஸ்டரை எடுத்தேன்.

"போர்ட அழிக்காதீங்க சார்" என்றாள் முதல் பெஞ்சுப் பெண். யமுனா, நகரிக்காரி. "அது நேத்து சார் எழுதினது. உருகுதல் முடிச்சிட்டாரு. நீங்க அதுக்கு அப்புறம்."

"நேத்து சாரா?"

"டெமோ சார். அதுக்கு முன்னால ஒரு டெமோ மேடம், வெப்ப விரிவு. அதுக்கும் முன்னால ஒருத்தர் கோட்டு போட்டுக்கினு வந்தாரு. வேர்வைலயே கரஞ்சி பூட்டாரு."

"இவங்கள்ல யாரை எடுத்தாங்க?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. கடைசி பெஞ்சு மொட்டை ஒன்று எழுந்தது. திலீப் என்று பெயர்.

"யாரையும் எடுக்கறதில்ல சார். அவரு நோட்டீஸ் ஒட்டிக்கினே கீறாரு, நீங்க வந்துக்கினே கீறீங்க, பாடம் போய்க்கினே கீது. சம்பளமே இல்லாம பாதி புக்கு முடிஞ்சிபோச்சி."

எனக்குக் கோபம் வரவில்லை. வீராசாமியின் மூளை எங்கள் மில்லில் இருந்தால் பஞ்சே இல்லாமல் நூல் நூற்றிருக்கும் என்றுதான் தோன்றியது.

"உங்களுக்கு இதுல கஷ்டம் இல்லையா?"

"ஒருத்தர் வெப்பம்னு சொல்றாரு, ஒருத்தர் உஷ்ணம்னு சொல்றாரு, மேடம் ஹீட்டுன்னு சொல்றாங்க" என்றாள் யமுனா. "மூணும் வேறவேறன்னு நெனச்சிக்கினு நாங்க தனித்தனியா படிச்சோம் சார்."

பாடத்தை ஆரம்பித்தேன். திலீப்பையும் இன்னொரு மொட்டையையும் ஜன்னலோரம் நிறுத்தினேன். ஒரு மண்டையை ஈரக் கைக்குட்டையால் துடைத்தேன். மற்றதை அப்படியே விட்டேன். பரீட்சை அட்டையால் இரண்டுக்கும் விசிறினேன்.

"எப்படிடா கீது?"

"ஐஸு சார்!" என்றான் திலீப்.

"எனக்கு ஒண்ணுமே இல்ல சார். அனல் ஒண்டிதான் அடிக்குது" என்றது காய்ந்த மொட்டை.

"தண்ணி ஆவியாகி சும்மா போவாது. ஒன் மண்டையில கீற சூட்டயும் தூக்கிக்கினு போவும். மலை மேல மொட்டையடிச்சதும் சந்தனம் பூசுறாங்களே, சில்லுனு கீதே, அதுல பாதி வேலை தண்ணியோடது."

வீராசாமி கதவோரம் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். போன் மணி அடிக்கவே போய்விட்டார். அவர் போனதும் யமுனா குரலைத் தாழ்த்தினாள்.

"சார், எங்க கரஸ்பாண்டென்ட் மத்தியானத்துல ரூம மூடிக்கினு ஃபிரிட்ஜ் கதவத் தொறந்து வெச்சித் தூங்குவாரு. ஏசி மாதிரியாம்."

எனக்குப் பொறி தட்டியது.

"நல்லது. இப்ப சொல்லுங்க. கதவு, ஜன்னல் எல்லாம் மூடிட்டு ஃபிரிட்ஜ ஒண்டி தொறந்து வெச்சா, அந்த ரூம் குளிருமா, சூடாவுமா?"

வகுப்பு இரண்டாகப் பிளந்தது. குளிரும் என்றவர்கள் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டார்கள். நான் சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டேன்.

"பதில் அடுத்த கிளாஸ்ல."

"உங்களுக்கு அடுத்த கிளாஸே கெடையாது சார்" என்றான் திலீப்.

"அதுக்குத்தான்டா" என்றேன். எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத் நம்பரை போர்டின் மூலையில் எழுதினேன். "இத்த ஒண்டி அழிக்காதீங்க."

வீராசாமி என் கையைக் குலுக்கினார். "பிரமாதம் அய்யா. போன் செய்றேன்." அவர் யாருக்கும் போன் செய்ததில்லை என்பது அந்தக் கைகுலுக்கலிலேயே தெரிந்தது. கேசட்டைத் திரும்ப வாங்குகிற மாதிரி சட்டென்று கையை உருவிக்கொண்டார்.

அடுத்த வாரம் மாமா படுக்கையிலிருந்து அறிவித்தார். "விசா வர்ற வியாழக்கிழமை ஏஜெண்டு கைக்கு வந்துரும். அங்க போனா ஒட்டகப் பாலு. ஒடம்பு தேறிடும்." அவர் எட்டுத் திசைக்கும் முனகிக்கொண்டே திரும்பிப் படுத்ததைப் பார்த்தால் ஒட்டகப் பால் மேல் நம்பிக்கை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பூத்திலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போனில் திலீப்.

"சார், எம்.எஸ்சி. ஒருத்தர் வந்தாரு. குளிரும்னாரு. ஏன்னு கேட்டோம். ஃபிரிட்ஜுன்னாலே குளிர்தானன்னாரு. அப்புறம் ஒரு மேடம், சிலபஸ்ல இல்லன்னு அழுதுட்டாங்க. நேத்து ஒருத்தர் சூடாவும்னாரு சார்."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டோம். கரெண்டு பில்லு வந்தா எல்லாருக்கும் சூடுதானன்னாரு."

மூச்சு வந்தது. "பாடம்?"

"ஆவியாதல்லயே நிக்குது. யாரு வந்தாலும் மொதல்ல ஃபிரிட்ஜு, அப்புறம் பாடம்னு சொல்லிட்டோம். யமுனா நேரா போயி கரஸ்பாண்டென்டையே கேட்டுட்டா. இருங்க, அவரு பேசணுமாம்."

"ஏமய்யா" என்றது வீராசாமியின் குரல். "கேள்வி ஒண்ணு வெச்சிட்டு நீ பாட்டுக்குப் போயிட்ட. என் காலேஜே நின்னுபோச்சி. நாளைக்கே வந்து பதில் சொல்லு."

"வர்றேன் சார். ஆர்டரும் எழுதி வைங்க."

"எதுக்கு ஆர்டர்? நான் தினம் தூங்குறேன் அய்யா, எனக்குத் தெரியாதா? குளிருது!"

"சூடானா எனக்குக் கோடை முழுக்க வேலை. குளிர்ந்தா கோடை முழுக்க ஓசியில நடத்துறேன்."

ஓசி என்ற சொல் அவருக்கு எல்லா மொழியிலும் புரியும். "சரே" என்றார்.

புதன்கிழமை ஷிப்ட் முடிந்து அப்படியே ரயிலேறி, ரேணிகுண்டாவில் மாறிப் போனேன். அவருடைய ரூம் ஒரு பெட்டிக் கடை அளவு. மேஜை, ஃபிரிட்ஜ், சாமி காலண்டர். பிள்ளைகளும் உள்ளே நுழையப் பார்த்தார்கள்.

"இத்தனை பேர் உள்ள இருந்தா ஆள் சூடே ஏத்திடும். வெளியே போங்க" என்றார் வீராசாமி. நியாயமான பேச்சு. ஆள் நான் நினைத்த அளவுக்கு முட்டாள் இல்லை என்று அப்போதே குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிள்ளைகள் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே வரிசையாக மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். லேபில் உடையாமல் இருந்த ஒரே தெர்மாமீட்டரைக் காலண்டர் ஆணியில் மாட்டினேன். முப்பத்தாறு. ஃபிரிட்ஜைத் திறந்தோம். அதன் நேர் எதிரே அவர் காலை நீட்டிக்கொண்டார்.

"பாரு, ஜில்லுனு இருக்குது."

"கால் ஜில்லுனு இருக்கும் சார். ஃபிரிட்ஜ் முதுகத் தொட்டுப் பாருங்க. உள்ளேருந்து எடுத்த சூடு அங்க வருது. கரெண்டுல ஓடுற சூடும் சேந்து வருது. ரெண்டும் இதே ரூமுக்குள்ளதான் கொட்டுது."

"பாக்கலாம்" என்றார்.

உட்கார்ந்தோம். ராத்திரி முழுக்க நூல் பார்த்த கண். விசிட்டர் நாற்காலியில் எப்போது சாய்ந்தேன் என்று எனக்குத் தெரியாது.

கண்ணாடியை யாரோ டொக் டொக்கென்று தட்டினார்கள். விழித்தேன். யமுனா வெளியிலிருந்து வீராசாமியின் சட்டைப் பையையும் காலண்டரையும் மாறி மாறிக் காட்டிக்கொண்டிருந்தாள். வீராசாமி தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் வியர்வை வழிந்தோடியது.

"இருபத்தெட்டு!" என்றார். "நீயே பாரு. நாளைலேருந்து ஓசி கிளாஸ்."

பார்த்தேன். இருபத்தெட்டுதான். என் பனியன் முதுகில் ஒட்டியிருந்தது. திருப்பதியில் பகலில் இருபத்தெட்டு என்பது மார்கழியிலேயே சந்தேகம்; இதுவோ மே மாதம். தெர்மாமீட்டருக்கு நேர் கீழே காலண்டரில் சாமியின் பாதம் நனைந்து ஊறியிருந்தது. வீராசாமியின் சட்டைப் பையில் கைக்குட்டை ஒன்று. அதைச் சுற்றி வட்டமாக ஈரம்.

 தெர்மாமீட்டரின் நுனியை என் சட்டையில் நன்றாகத் துடைத்து மறுபடி மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதரசம் ஏறியது. இருபத்தொன்பது, முப்பத்தொன்று, முப்பத்து நான்கு. கண்ணாடிக்கு வெளியே மொட்டைகள் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கூச்சல் போட்டன. முப்பத்தாறில் நின்று ஒரு மூச்சு விட்டுவிட்டு, முப்பத்தெட்டுக்குப் போய் உட்கார்ந்தது.

"சார்" என்றேன். "ஈரத்துணியச் சுத்தினா சூடு எறங்கும்னு எந்த சார் உங்களுக்கு நடத்தினாரு?"

வீராசாமி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

"நுவ்வே, நீயேதான்" என்றார்.

"நீங்க கதவோரம் கொஞ்ச நேரந்தான் நின்னீங்க."

"நின்னேன்."

"அதுக்குள்ள இத்தனை புரிஞ்சிருக்கு."

அவர் என்னை முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஃபிரிட்ஜ் கதவைக் காலால் உதைத்து மூடிவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு லெட்டர்பேடை எடுத்தார். பழைய வீடியோ கடையின் லெட்டர்பேட். புதியது அடிக்கக் காசு எதற்கு என்பார். அதில் என் ஆர்டரை எழுதினார்.

மாமா அதைப் படுத்தபடியே தலைகீழாகவும் நேராகவும் படித்தார். "இன்னாடா இது, கேசட்டுக் கடையில வேலையா?"

"பகல் வேலை மாமா."

"அதான, பகல் வேலைன்னுதான சொன்னீங்க" என்றாள் அக்கா. விசா அவர் தம்பிக்குப் போனது. தம்பிக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பது அப்புறம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

முதல் நாள் வேலைக்குப் போனபோது மாடிப்படியில் ஒருவர் எதிரே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் சர்டிபிகேட் ஃபைல். புத்தம்புதிய சாக்பீஸ் பெட்டியைக்கூட அவரே வாங்கி வந்திருந்தார். கணக்கு டெமோவாம்.

"நீங்க இங்க வேலை செய்றீங்களா சார்?" என்று கேட்டார். "மேனேஜ்மென்ட் எப்படி?"

"ரொம்ப நல்ல மேனேஜ்மென்ட்" என்றேன். "ஒண்ணு ஒண்டி சொல்றேன். எந்தக் கணக்கப் போட்டாலும் கடைசி வரியப் போடாதீங்க."